மணிலாவில் லாரிகள் நின்றபோது

நகரத் தெருக்களில் லாரிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த முனையும் நிர்வாகங்கள் முதலில் நாடுவது நேரக் கட்டுப்பாட்டையே. குறிப்பிட்ட நேரத்தில் கனரக வாகனங்கள் நுழையக் கூடாது என்று அறிவிப்புப் பலகை நட்டு, அதனருகே ஒரு காவலரை நிறுத்துவதற்கு ஆகும் செலவு, பாலம் கட்டவோ சாலையை அகலப்படுத்தவோ ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பிலிப்பைன்ஸின் தலைநகரான மணிலா 1978 முதல் இம்முறையைக் கையாண்டு வந்தது. 2014இல் அத்தடையை நகராட்சி மேலும் இறுக்கியபோது, நாட்டின் இறக்குமதி வணிகமே தடுமாறிப்போனது.

மணிலாவின் துறைமுகம் நகருக்குள்ளேயே இருக்கிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் தொண்டோ போன்ற நெருக்கமான குடியிருப்புகள் என்று அமைந்துவிட்டதால், கப்பலிலிருந்து இறங்கும் சரக்குப் பெட்டகம் எந்த ஊருக்குப் போவதானாலும், ஜீப்னி எனப்படும் பயணி வண்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் புழங்கும் தெருக்களைக் கடந்தே வெளியேற வேண்டியிருந்தது. லாரிகள் சாலையோரங்களில் மணிக்கணக்காக நின்று வழியை அடைப்பதைக் கண்டு நகரவாசிகள் குமுறியது நியாயமே.

அந்தக் குமுறலுக்கு விடையாக, திரைப்பட நடிகராக இருந்து நாட்டின் அதிபராகி (தமிழ் வாசகர்களுக்கு இதில் வியப்பேதும் இராது), பின்னர் மணிலாவின் மேயரான ஜோசப் எஸ்ட்ராடாவின் நிர்வாகம், எட்டும் அதற்கு மேலும் சக்கரங்கள் கொண்ட, 4,500 கிலோவுக்கு மேற்பட்ட மொத்த எடையுள்ள லாரிகள் காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை நகருக்குள் ஓடுவதற்குத் தடை விதித்தது. மொத்த எடை என்பது வண்டியின் எடையும் அது ஏற்றும் சரக்கின் எடையும் சேர்ந்தது. 2014 பிப்ரவரி 24 அன்று நடைமுறைக்கு வந்த இந்தத் தடையை லாரி உரிமையாளர்கள் கடுமையாக எதிர்க்கவே, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை மட்டும் வழிவிடப்பட்டது.

ஐந்து மணி நேரம் தாராளம் என்றே வெளியிலிருந்து பார்ப்போருக்குத் தோன்றும். ஆனால் ஒரு பெட்டகத்தை ஏற்றிச் செல்லும் லாரியின் வேலை, சரக்கை இறக்கியதும் முடிந்துவிடுவதில்லை; பெட்டகம் கப்பல் நிறுவனத்தின் உடைமை என்பதால், காலிப் பெட்டகத்தைத் திருப்பி ஒப்படைத்தால்தான் அந்த நடை முடியும். சுற்றியுள்ள நகரங்களிலும் காலை மாலை நெரிசல் நேரத் தடைகள் தனியே இருந்தமையால், ஒரு தடையிலிருந்து தப்பிய லாரி அடுத்த நகரின் எல்லையில் காத்துக் கிடந்தது. ஒரே நாளில் பல நடை அடிக்க வேண்டிய வண்டி ஒரு நடையை முடிப்பதே பெரும்பாடாயிற்று.

லாரி வராவிட்டாலும் கப்பல் வருவது நிற்பதில்லை. துறைமுகத்தில் பெட்டகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கும் திறந்தவெளி முற்றம் நிறைய நிறைய, அடியிலிருக்கும் ஒரு பெட்டகத்தை எடுப்பதற்கு மேலிருக்கும் மூன்று நான்கைப் பாரந்தூக்கியால் நகர்த்தி வேறிடத்தில் வைக்க வேண்டியதாகிறது. அந்த வேறிடமும் இல்லாமற்போகும்போது துறைமுகத்தின் உழைப்பெல்லாம் பெட்டகங்களை இடம் மாற்றுவதிலேயே கழிகிறது. சில மாதங்களில் மணிலாவின் முற்றங்கள் நிரம்பி வழிந்தன. இடமின்றிக் கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டுக் காத்திருந்தன. கப்பல் நிறுவனங்கள் நெரிசலுக்கென்று கூடுதல் கட்டணம் விதித்தன. சூபிக், பத்தங்காஸ் ஆகிய துறைமுகங்களுக்குச் சரக்கைத் திருப்பிவிட அரசு முயன்றது. பிலிப்பைன்ஸில் செப்டம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸ் வணிகம் களைகட்டத் தொடங்கிவிடும். அந்த நெருக்கடிக்கு நடுவே, செப்டம்பர் 13 அன்று நகராட்சி தடையை விலக்கிக்கொண்டது.

தெருவைக் காக்க நினைத்ததைப் பிழை என்று சொல்ல முடியாது. நாட்டுக்கே பொதுவான துறைமுகத்தின் வாயிலை, தன் எல்லைக்குள் வரும் தெருக்களை மட்டும் கணக்கில் கொண்டு ஒரு நகராட்சி இறுக்கியதுதான் பிழை. தடை நேரத்தில் லாரி எங்கே நிற்கும் என்ற கேள்விக்கு அந்த ஆணையில் விடை இருக்கவில்லை. 2015இல் மணிலாவின் இரு பெட்டக முனையங்களும் கொண்டுவந்த முன்பதிவு முறை அந்தக் கேள்வியை நேரடியாக எதிர்கொண்டது. எந்தப் பெட்டகத்தை எந்த மணியில் எடுக்க வருகிறார் என்பதை லாரிக்காரர் இணையத்தில் பதிந்துகொண்டு, அந்த வேளைக்கு வந்தால் போதும். வாயிலில் வரிசை கட்டி நிற்கத் தேவையில்லை என்பதே அதன் ஏற்பாடு.

லண்டனில் கடிகாரம் நேர்மாறாகச் சுழல்கிறது. அங்கே 1985இல் பிறப்பிக்கப்பட்ட ஆணை, 18 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளை இரவிலும் வார இறுதியிலும்தான் கட்டுப்படுத்துகிறது. நெரிசலைவிடக் குடியிருப்போரின் தூக்கத்தையே அது பெரிதாகக் கருதியது. மணிலாவில் விரட்டப்பட்ட லாரிக்கு அடைக்கலமாக இருந்த அதே இரவு நேரம் லண்டனில் விலக்கப்பட்ட நேரமாயிற்று. கடிகாரத்தைத் தொடாமல் வண்டியையே சோதிக்கும் மற்றொரு விதியும் லண்டனில் உண்டு. உயரமான இருக்கையில் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கு, இடப்பக்கக் கதவையொட்டி வரும் மிதிவண்டிக்காரர் கண்ணில் படுவதில்லை; லாரி இடப்புறம் திரும்பும் நொடியில் அவர் சக்கரத்தில் சிக்குவது அந்நகரில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்த கொடுமை. ஆகவே, கண்ணாடிகளின் உதவியின்றி ஓட்டுநரின் இருக்கையிலிருந்து சன்னல் வழியே நேரடியாகத் தெரிவது எவ்வளவு என்பதைக் கொண்டு, 12 டன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு லாரிக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் வழங்கப்படுகின்றன. 2024 அக்டோபர் முதல் மூன்று நட்சத்திரங்களுக்குக் குறைந்த லாரி லண்டனுக்குள் ஓட வேண்டுமானால், பக்கவாட்டில் ஆள் இருப்பதை உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவிகளையும் கேமராக்களையும் உரிமையாளர் பொருத்தியாக வேண்டும், இல்லையேல் அபராதம்.