பூனைக்கு இன்சுலின்: ஏற்றத் தெரிந்தால் மட்டும் போதாது

சர்க்கரை நோய் வந்த பூனைக்கு ஊசி போடப் பழகுவது பெரிய வித்தையல்ல. பிடரிக்குக் கீழேயோ விலாப்பக்கமோ தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, மெல்லிய ஊசியை ஏற்றினால் வேலை முடிந்தது. சாப்பாட்டுத் தட்டில் தலையைக் கவிழ்த்திருக்கும் பூனை பல நேரம் திரும்பிக்கூடப் பார்க்காது. அளவைக் கூட்டுவதும் எல்லோருக்கும் புரிகிற கணக்குதான்: சர்க்கரை குறையவில்லையா, மருந்தைக் கூட்டு. எப்போது குறைப்பது என்பதில்தான் வளர்ப்பவர்கள் தடுமாறுகிறார்கள்.

வீட்டில் மனிதர்களின் சர்க்கரை நோயைப் பார்த்துப் பழகிய கண்ணோடு பூனையையும் பார்ப்பது இதற்கு ஒரு காரணம். தாத்தாவுக்கு மாத்திரையில் தொடங்கியது, சில வருடத்தில் ஊசிக்குப் போனது, பிறகு யூனிட் ஏறிக்கொண்டே இருந்தது. அது இறங்கியதை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பூனையும் அதே வழியில்தான் போகும் என்று நினைத்தால் அங்கேதான் ஆபத்து. சில வாரங்களில், சில மாதங்களில் பூனைக்குத் தேவைப்படும் இன்சுலின் பாதியாகலாம். தேவையே இல்லாமலும் போகலாம்.

நாய்க்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிந்து வருவது. ஊசி ஆயுள் முழுக்கத் தொடரும். பூனைக்கு வருவது நம்முடைய இரண்டாம் வகையைப் போன்றது. வயதான, பருத்த, கருத்தடை செய்யப்பட்ட, வீட்டை விட்டு வெளியே போகாத ஆண் பூனைகளிடம் அது அதிகம். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஈடுகட்ட முயன்று கணையம் சோர்ந்துபோகிறது. மனிதரின் கணையத்திலும் பூனையின் கணையத்திலும் ஒரே மாதிரியான கழிவுப் புரதம் படிகிறது என்பது நெடுநாளாகத் தெரிந்ததுதான். 1987இல் ஸ்வீடனின் பெர் வெஸ்டர்மார்க் குழு அந்தப் புரதம் எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தது. அமிலின் என்று இன்று அழைக்கப்படும் அந்த ஹார்மோனை அவர்கள் பிரித்தெடுத்தது இரண்டு இடங்களிலிருந்து: ஒன்று மனிதருக்கு வந்த ஒரு கணையக் கட்டி, மற்றது சர்க்கரை நோயுள்ள பூனையின் கணையம். மனித நோயைப் புரிந்துகொள்ளப் பூனை கைகொடுத்த கதையாகவும் இதைச் சொல்லலாம்.

அந்தப் படிவால் செத்த செல்கள் திரும்புவதில்லை. ஆனால் எல்லாச் செல்களும் செத்துவிடுவதும் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தால், அந்த உயர்வே மிச்சமிருக்கும் பீட்டா செல்களை முடக்கிவிடுகிறது. ஊசி மூலம் சர்க்கரையை இறக்கி அவற்றுக்கு ஓய்வு கொடுத்தால், முடங்கிக் கிடந்தவை மறுபடி வேலைக்கு வருகின்றன. கூடவே உணவும் மாறினால் விளைவு வேகமாகத் தெரியும். பூனை அடிப்படையில் இறைச்சி தின்னி. மாவுச்சத்தைக் கையாள அதன் கல்லீரல் அவ்வளவு தயாராக இல்லை. மாவுச்சத்து மிகுந்த உலர் உணவை நிறுத்தி, புரதம் நிறைந்த ஈர உணவுக்கு மாறிய சில நாளிலேயே இன்சுலின் தேவை சரிந்த பூனைகள் உண்டு.

கிர்ஸ்டன் ரூம்ப், ஜாக்கி ராண்ட் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். 55 பூனைகள்; கிளார்ஜின் இன்சுலின், மாவுச்சத்து குறைந்த உணவு, வீட்டிலேயே தினமும் பல முறை ரத்தச் சோதனை. அவற்றில் 64 சதவீதம் ஊசி இல்லாமல் வாழும் நிலைக்கு வந்தன. நோய் கண்டறிந்து ஆறு மாதத்துக்குள் இந்த முறையைத் தொடங்கியவற்றில் 84 சதவீதம். அதற்குப் பிறகு தொடங்கியவற்றில் 35. அவை விடாமல் அளந்து, விடாமல் குறித்துவைத்த ஆட்கள் வளர்த்த பூனைகள் என்பதை மறக்கக் கூடாது. எல்லா வீட்டிலும் இதே கணக்கை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் இந்த எண்களுக்குள் இன்னொரு செய்தி இருக்கிறது. ஊசியிலிருந்து விடுபட்ட ஒவ்வொரு பூனைக்கும் வழியில் யாரோ ஒருவர் சரியான நேரத்தில் அளவைக் குறைத்திருக்கிறார். குறைக்காமல் விட்டிருந்தால், குணமாகிக்கொண்டிருந்த அந்தக் கணையமே பூனைக்கு வினையாக முடிந்திருக்கும். உடம்பு சுரக்கும் இன்சுலினும் ஊசியில் ஏறும் இன்சுலினும் சேர்ந்து சர்க்கரையைத் தரைக்கு இழுத்துவிடும்.

300 இருக்கிற பூனை இன்று சாகாது. தண்ணீர் நிறையக் குடிக்கும், மணல் தட்டை நிறைய நனைக்கும், மெல்ல இளைக்கும். 30 இருக்கிற பூனைக்கு மணிக்கணக்கு அவகாசம்கூட இல்லை. தள்ளாட்டம், திடீர்ப் பசி, மூலையில் ஒளிந்துகொள்வது, வெறித்த பார்வை, உடல் துடிப்பு, கடைசியில் வலிப்பு. சில பூனைகள் எந்த அறிகுறியும் காட்டாமல் சாதாரணமாகப் படுத்திருக்கும்; அளந்து பார்த்தால்தான் தெரியும். விழிப்போடு இருந்தால் உடனே சாப்பாடு கொடுக்கலாம். நினைவு தப்பினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் கொஞ்சமாகத் தடவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சரி, எந்த எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது? ஊசிக்கு முன்னால் காலையில் வரும் எண்தான் நம் கண்ணில் படும். முடிவெடுக்க உதவுவது, ஊசி போட்ட பிறகு சர்க்கரை தொடும் மிகத் தாழ்ந்த எண். அது வரும் நேரம் இன்சுலினின் வகைக்கேற்ப மாறும், பூனைக்குப் பூனையும் மாறும். அதனால்தான் ஒரு நாள் முழுக்க, ஊசிக்கு முன் ஒரு முறையும் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையுமாக அடுத்த ஊசி வரை அளந்து வரைபடம் போடச் சொல்கிறார்கள். காது ஓரத்து நரம்பில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், ஒரு ஸ்ட்ரிப். மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் பதினான்கு நாள் சென்சாரைப் பூனைக்கு ஒட்டும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

அந்தத் தாழ்ந்த எண் 80க்கும் 150க்கும் இடையில் இருந்தால் நல்லது. 80க்குக் கீழே இறங்கினால், பூனை துள்ளி விளையாடிக்கொண்டிருந்தாலும், மருத்துவரிடம் பேசி அளவைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது. பத்திலிருந்து இருபத்தைந்து சதவீதம் வரை குறைப்பது வழக்கம். லோ சுகரின் அறிகுறியே தெரிந்திருந்தால் பாதியாகக்கூடக் குறைப்பார்கள். பூனைக்கான ஆரம்ப அளவே ஒரு யூனிட், இரண்டு யூனிட்தான் என்பதால் இந்தச் சதவீதமெல்லாம் நடைமுறையில் கால் யூனிட், அரை யூனிட்டாக வரும். அரை யூனிட் கோடு போட்ட சிரிஞ்சைக் கேட்டு வாங்குவது நல்லது.

அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒரே வேகத்தில் நடப்பவையல்ல. கூட்டிய அளவின் முழு விளைவு தெரியச் சில நாள் ஆகும். அதனால் ஒரு வாரம் பொறுத்துத்தான் அடுத்து கூட்ட வேண்டும். குறைப்பதற்கு அந்தப் பொறுமை கூடாது. தாழ்ந்த எண் ஒன்று வந்துவிட்டால் அடுத்த ஊசிக்கு முன்பே முடிவு தேவை.

ஒற்றை உயர்ந்த எண்ணை நம்பி அளவை ஏற்றக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் பூனையின் பயம். கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் வரவேற்பறையில் உட்காரவைத்து எடுத்த ரத்தத்தில் 300 காட்டுவது சாதாரணம். சர்க்கரை நோயே இல்லாத பூனைக்கும் அப்படி ஏறும். வீட்டில் 110 இருக்கிற பூனைக்கு மருத்துவமனை எண்ணை வைத்து அளவைக் கூட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. சர்க்கரை ரொம்ப இறங்கினால் உடம்பு அட்ரினலின், குளுக்ககான் போன்றவற்றைச் சுரந்து அதை மேலே தள்ளும். மறுநாள் காலை எண் எகிறி நிற்கும். 1930களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மைக்கேல் சோமோகி என்ற உயிர்வேதியியலாளர் மனித நோயாளிகளுக்காக முன்வைத்த விளக்கம் இது. பூனைகளிடம் இது முன்பு நினைத்த அளவுக்கு அடிக்கடி நடப்பதில்லை என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஆனாலும் காலை எண்ணை மட்டும் பார்த்து யூனிட்டைக் கூட்டாதே, நடுவில் எவ்வளவு இறங்கியது என்று பார் என்ற எச்சரிக்கை அப்படியே செல்லுபடியாகும்.

வீட்டில் பாட்டிக்கு வாங்கிய குளுக்கோமீட்டரைப் பூனைக்கும் பயன்படுத்தலாமா? பயன்படுத்துகிறார்கள். ஆனால் நம் ரத்தத்தில் குளுக்கோஸின் ஐந்தில் இரண்டு பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கும்; பூனை ரத்தத்தில் ஏறக்குறைய எல்லாமே பிளாஸ்மாவில். மனித ரத்தத்துக்குக் கணக்குப் பண்ணிய மீட்டர், பூனையின் உண்மையான அளவைவிடக் குறைத்துக் காட்ட வாய்ப்பு அதிகம். எந்த மீட்டர் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அதையே மாற்றாமல் பயன்படுத்த வேண்டும். பாட்டியின் சிரிஞ்சைத்தான் தொடவே கூடாது. இந்தியக் கடைகளில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் 100 யூனிட் உள்ளதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 40க்கான சிரிஞ்சில் சிவப்பு மூடி, 100க்கானதில் ஆரஞ்சு. 100 யூனிட் கிளார்ஜினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை இழுத்தால், பூனைக்குள் போவது 5 யூனிட்.

எண்களுக்கு வெளியேயும் காரணங்கள் உண்டு. பருத்த பூனை இளைத்துவிட்டது, பல் தொற்றுக்கு வைத்தியம் முடிந்தது, ஸ்டீராய்டு மருந்தை நிறுத்தியாயிற்று என்றால் இன்சுலின் தேவையும் இறங்கும் என்று எதிர்பார்த்து அடிக்கடி அளக்க வேண்டும். வாந்தி எடுக்கிற, சாப்பிட மறுக்கிற பூனைக்கு வழக்கமான அளவைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. ஊசிக்கு முன்பே சர்க்கரை 150க்குக் கீழே இருந்தாலும் அப்படித்தான். முதலில் மருத்துவருக்கு ஒரு போன். பயந்துபோய் நாமாகவே ஊசியை முற்றிலும் நிறுத்துவதும் ஆபத்துதான்: இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்ற அமிலத்தை நிரப்பிக்கொள்ளும், அதுவும் உயிர்க்கொல்லி.

எல்லாம் நன்றாகப் போனால் படியிறக்கம் அரை யூனிட்டில் வந்து நிற்கும். பிறகு ஒரு நாளைக்கு ஒரு ஊசி, பிறகு அதுவும் இல்லை. ஊசி இல்லாமல் நான்கு வாரம் சர்க்கரை சீராக இருந்தால் அதை ரெமிஷன் என்கிறார்கள். உணவுக் கட்டுப்பாடு அப்படியே தொடர வேண்டும், எடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வாரம் ஒரு முறையாவது காதில் குத்திப் பார்க்க வேண்டும். தோல் அரிப்புக்கு யாராவது ஸ்டீராய்டு ஊசி போட வந்தால், இந்தப் பூனைக்குச் சர்க்கரை இருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். நோய் திரும்பும் பூனைகளும் கணிசமாக உண்டு. அப்போது தாமதிக்காமல் மறுபடி ஊசியைத் தொடங்க வேண்டும். பழைய அளவிலிருந்து அல்ல, மருத்துவர் புதிதாகப் போடும் கணக்கிலிருந்து.