கம்பத்தின் மேல் ஒரு கண்ணாடிக் கை

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள் கோவில் சாலையும் ஒரகடத்தில் வெட்டிக்கொள்கின்றன. அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் தொழிற்சாலைகள். கூடவே வரிசையாக மின்கம்பங்கள். கம்பத்தின் உச்சியில் படுக்கையாகவோ, இருபுறமும் மேல்நோக்கிச் சாய்ந்தோ ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். அதன்மேல் பீங்கான், பீங்கானில் கம்பி. மின்வாரியத்தில் இந்தச் சட்டத்தைக் கிராஸ் ஆர்ம் என்பார்கள். கம்பிகளின் எடையையும் காற்றின் தள்ளலையும் தாங்கிக்கொண்டு, ஒன்றோடொன்று உரசாமல் அவற்றை விலக்கி நிறுத்துவது இதுதான்.

இரும்பு இந்தச் சுமையை நன்றாகவே தாங்குகிறது. தொல்லை என்னவென்றால், அது மின்சாரத்தைக் கடத்தும். பாதுகாப்புக்காக அதை எர்த் செய்தும் வைத்திருப்பார்கள். ஆகவே 11,000 வோல்ட் கம்பிக்கும் பூமிக்கும் நடுவில் நிற்பது அந்தச் சின்னப் பீங்கான் மட்டுமே. சட்டத்தில் உட்கார்ந்த காகம் இறக்கையை விரிக்கும்போது கம்பியைத் தொட்டுவிட்டால் அதன் உடல் வழியாகவே மின்சாரம் பூமிக்குப் பாய்கிறது. காகம் செத்து விழும். அந்தப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் பீடர் லைன் டிரிப் ஆகும். அணில் ஏறினாலும் ஓணான் ஏறினாலும் இதே கதை. வீட்டில் ஃபேன் சற்று நின்று மறுபடி சுற்றும், அவ்வளவுதான். உதிரிபாகம் கடையும் சிறு பட்டறையில் அப்படி இல்லை. சி.என்.சி. எந்திரம் பாதி வெட்டில் நின்றால் அந்த உருப்படி வீண், சில சமயம் வெட்டுளியும் போய்விடும்.

அமெரிக்காவில் வெகுகாலமாக மரச்சட்டம்தான் வழக்கம். காய்ந்த மரம் மின்சாரத்தை எளிதில் விடாது. ஆனால் மழையில் ஊறும், உளுக்கும். இரும்பின் வலுவும் மரத்தின் குணமும் ஒரே பொருளில் வேண்டும் என்ற தேவைக்குக் கிடைத்த விடைதான் ஃபைபர் கிளாஸ்.

கண்ணாடி இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000-ஆம் ஆண்டிலிருந்து மணலை உருக்கித் தட்டைக் கண்ணாடி வார்த்து வருகிறது. ஃபைபர் கிளாஸின் கண்ணாடி இழைக்கும் அடிப்படை மணல்தான், சேர்மானம் மட்டும் வேறு. உருகிய கண்ணாடியைப் பிளாட்டினம் கலந்த தட்டின் நுண்துளைகள் வழியே அதிவேகமாக இழுத்தால் தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய இழை வரும். இதில் இ-கிளாஸ் என்ற வகை முதலில் மின்காப்புக்காகவே உருவாக்கப்பட்டது. இழை தனியாக இருந்தால் துவளும், இழைகளைப் பிணைக்கும் பிசினான ரெசின் தனியாக இருந்தால் நொறுங்கும். இரண்டும் சேர்ந்தால்தான் சட்டம். ஒரகடத்தில் அப்போலோ ஆலையில் தயாராகும் டயரும் இந்த இனம்தான்: ரப்பருக்குள் நூலும் எஃகுக் கம்பியும்.

சட்டத்தைச் செய்யும் முறைக்குப் பல்ட்ரூஷன் என்று பெயர். இதன் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்கர் பிராண்ட் கோல்ட்ஸ்வொர்த்தியின் எந்திரக் காப்புரிமை 1959-இல் வெளிவந்தது. முறுக்கு உரலில் மாவைப் பின்னாலிருந்து அழுத்திப் பிழிகிறோம். இங்கே முன்னாலிருந்து இழுக்கிறார்கள். ஒரு பக்கம் அடுக்கடுக்காக இழை உருளைகள். அவற்றிலிருந்து நூற்றுக்கணக்கான இழைக்கற்றைகள் கிளம்பி ரெசின் தொட்டியில் முங்கி எழுகின்றன. குறுக்குவாட்டில் பிளக்காமல் இருக்க இழைப்பாய்களும் கூடச் சேர்கின்றன. எல்லாம் ஒடுங்கிச் சூடான எஃகு அச்சுக்குள் நுழைகின்றன. நூறு டிகிரியைத் தாண்டிய அந்தச் சூட்டில் ரெசின் இறுகுகிறது. மறுமுனையில் கெட்டியான பெட்டிக்குழாய் வெளியே வருகிறது. இரண்டு பிடிகள் மாறி மாறிப் பற்றி அதை இழுத்துக்கொண்டே இருக்கும். ரம்பமும் கூடவே நகர்ந்தபடி அளவுக்கு வெட்டும். வேகம் குறைவு, நிமிடத்துக்கு ஒரு மீட்டர் வந்தாலே நல்ல ஓட்டம். அவசரப்பட்டால் உள்ளே வேகாத ரெசின் தங்கிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

இப்படிப் பிறந்த சட்டத்துக்குத் துரு கிடையாது. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை உப்புக்காற்று தின்னும் கரையோரத்துக்கு இந்த ஒரு குணமே போதும். இதே அளவு இரும்பின் எடையில் ஏறக்குறைய கால் பங்குதான் இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தது. கம்பமே முறியும் காற்றில் எந்தச் சட்டமும் காப்பாற்றியிருக்காது என்பது உண்மை. ஆனால் சேற்று வயலில் தோளில் சுமந்து போய்க் கம்பத்தில் ஏற்றிய தொழிலாளிக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்குத்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நீளவாட்டு வலுவில் சாதாரண இரும்புக்கு ஈடுகொடுத்தாலும், விறைப்பில் அதன் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. அதனால் இரும்புச் சட்டத்தின் அளவையே வைத்துப் பொருளை மட்டும் மாற்ற முடியாது. பெட்டியாக, ஆழமாக வடிவமைத்தால்தான் தொங்காது. வெயில் இன்னொரு பகை. புற ஊதாக் கதிர் மேல்தோல் ரெசினை அரித்தால் உள்ளிருக்கும் இழைகள் முள்முள்ளாக வெளியே நீட்டும், ஏறும் கையில் குத்தும். மேற்பரப்பில் தனி இழைப்போர்வையும் வெயில் தாங்கும் பூச்சும் இருக்கின்றனவா என்று வாங்குபவர் கேட்டே ஆக வேண்டும். விலையை மட்டும் பார்த்து டெண்டர் விட்டால் முதலில் அடிபடுவது இந்தப் பூச்சுதான். போல்ட் துளைகளில் உலோகப் புஷ் இல்லாவிட்டால் முடுக்கும்போதே சுவர் நசுங்கும். பெட்டியின் முனைகளை மூடாவிட்டால் குளவி கூடு கட்டும். கம்பத்தடியில் நின்று புதிதாகத் துளை போட்டால் வெட்டுவாயை ரெசினால் அடைக்க வேண்டும், பறக்கும் தூள் தோலில் பட்டால் அரிக்கும்.

மின்சாரம் கடத்தாது என்பதை நம்பி லைன்மேன் கை வைத்துவிடவும் கூடாது. அழுக்கும் ஈரமும் படிந்த பரப்பில் மின்சாரம் கசியும். லைனை நிறுத்தி, எர்த் ராட் போட்ட பிறகே ஏற வேண்டும் என்ற விதி இந்தச் சட்டத்துக்கும் அப்படியே பொருந்தும்.

ஆயுள் முடிந்த இரும்பு காயலான் கடைக்குப் போய் மறுபடி உருகும். இறுகிய ரெசின் உருகாது. ஜெர்மனியில் இத்தகைய கழிவை அரைத்துச் சிமென்ட் சூளையில் போடுகிறார்கள். ரெசின் எரிபொருளாகிறது, கண்ணாடி சிமென்டோடு சேர்ந்துவிடுகிறது. சூளைக்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை, அரியலூரில் வரிசையாக இருக்கின்றன. பழைய சட்டங்களை அங்கே கொண்டுசேர்க்கும் பொறுப்பு யாருடையது என்பதை முதல் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.