ஒரே மருந்து, இருவேறு பயன்

பழங்காநத்தத்திற்குத் தென்மேற்கே, திருமங்கலம் கரிசலில் பருத்திச் சப்பை உதிருமானால் குடியானவருக்குக் காய் குறையும். நெசவாளருக்குப் பஞ்சு குறையும். இவ்வுதிர்வைக் குறைக்க உதவுவது நாப்தலீன் அசிடிக் அமிலம் என்னும் வளர்ச்சி ஊக்கி. லிட்டர் நீருக்கு 40 மில்லிகிராம் வீதம் கலந்து, சப்பை வைக்கும் பருவத்தில் தெளிக்குமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்துள்ளது.

விந்தை யாதெனில், ஆப்பிள் தோட்டங்களில் இதே மருந்து பிஞ்சை உதிர்ப்பதற்கும் பயன்படுகிறது! பூ உதிர்ந்த சில வாரங்களுக்குள் தெளித்தால் மிகுதிப் பிஞ்சுகள் கழிகின்றன, எஞ்சியவை பருக்கின்றன. அறுவடைக்குச் சற்று முன் தெளித்தாலோ, பழம் உதிராது நிற்கிறது.

ஆகவே, காப்பதும் கழிப்பதும் பருவத்தையும் அளவையும் பொறுத்தவை. கைக்கணக்காக ஊற்றுதல் ஆகாது. புட்டியில் குறித்துள்ள சதவீதத்தைப் படித்து, அளந்தே கலக்க வேண்டும். காய்ப்புழுவால் நேரும் உதிர்வை இம்மருந்து நிறுத்தாது என்பதையும் அங்கத்தினர்கள் நினைவிற் கொள்வார்களாக.