சிப்பி சொல்லும் கட்டட வேலை

முத்துச்சிப்பியைப் பார்த்திருப்பீர்கள். உள்பக்கம் வானவில் போல மின்னும். மெல்லிய ஓடுதான். ஆனால் எளிதில் உடையாது.

சிப்பி எதனால் ஆனது? சுண்ணாம்புக் கல் எதனால் ஆனதோ, அதே பொருளால்தான். கால்சியம் கார்பனேட் என்பது அதன் பெயர். அதனால்தான் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிறார்கள். ஆனால் கல்லில் விரிசல் விழுந்தால் நேராக ஓடிப் பிளந்துவிடும். சிப்பியில் அப்படி ஓடாது. ஏன்?

விடை அந்த மினுமினுப்பில் இருக்கிறது. அது சாயம் அல்ல. மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். நம் விஞ்ஞானி சர் சி.வி. ராமன் 1930-களில் பெங்களூரில் சிப்பிகளின் நிறத்தை ஆராய்ந்தார்.

அந்த அடுக்குகள் செங்கல் சுவர் போன்றவை. செங்கல்லுக்குப் பதில் சின்னஞ்சிறு தட்டுகள். தலைமயிர் ஒன்றின் கனத்தில் நூறு தட்டுகளை அடுக்கலாம்! கலவைக்குப் பதில் புரதப் பசை. நூற்றுக்கு 95 பங்கு தட்டு, 5 பங்குதான் பசை.

கொத்தனார் சுவர் கட்டுவதைக் கவனியுங்கள். ஓர் இணைப்புக்கு நேர் மேலே இன்னோர் இணைப்பு வரவிட மாட்டார். சிப்பியிலும் அப்படித்தான். விரிசல் ஒவ்வொரு தட்டையும் சுற்றி வளைந்து போக வேண்டும். தட்டுகள் சற்று நழுவும். பசை இழுபடும். அடியின் வேகம் அதிலேயே தீர்ந்துவிடும்.

இது மனிதருக்கு எதற்கு? பீங்கான் நல்ல பொருள். சூட்டைத் தாங்கும். துருப்பிடிக்காது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். இரும்பு முதலில் வளையும். அதைப் பார்த்து ஆள் விலகிக்கொள்ளலாம். பீங்கான் அந்த அவகாசத்தைத் தராது. பெரிய பாரம் தாங்கும் இடத்தில் அதை வைக்கத் தயங்குவது இதனால்தான்.

2008-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகர விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். அதற்கு உதவியது பனிக்கட்டி! அலுமினா என்ற வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கலந்து உறைய வைத்தார்கள். தண்ணீர் தகடு தகடாக உறையும். தூளை நடுவில் ஒதுக்கித் தள்ளும். பிறகு பனியை நீக்கினால் தூள் அடுக்கடுக்காக நிற்கும். அதை அழுத்தி, குயவர் பானையைச் சுடுவது போலச் சுட்டார்கள். இடுக்குகளில் பிளாஸ்டிக்கை நிரப்பினார்கள். அலுமினாவும் பிளாஸ்டிக்கும் தனித்தனியே அவ்வளவு உறுதி இல்லை. சேர்ந்த பொருளை உடைக்க 300 மடங்குக்கு மேல் ஆற்றல் தேவைப்பட்டது.

2021-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கண்ணாடிச் செதில்களையும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கையும் இதே போல அடுக்கினார்கள். சாதாரணக் கண்ணாடியைவிட ஐந்து மடங்கு உடைவைத் தாங்கியது. இருந்தும் அந்தப் பக்கம் இருப்பது தெரிந்தது. அதுதான் பெரிய காரியம்.

பனிக்கட்டி வித்தை நம் நாட்டுக்கும் தெரியும். மகாராஷ்டிராவில் புனே நகரில் தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1950-இல் பிரதமர் நேரு திறந்து வைத்தது. அங்கே நுண்ணிய துகள்களைப் பசை போன்ற பொருளோடு தண்ணீரில் கலந்து உறைய வைத்தார்கள். பனி உருகும் முன்பே பசையை இறுகச் செய்தார்கள். 2014-இல் அந்த முடிவு வெளியானது. கிடைத்தது சிப்பி போலக் கடினமான பொருள் அல்ல, பஞ்சு போன்றது. நன்றாக நசுக்கினாலும் உடையவில்லை. கையை எடுத்ததும் பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது.