கூரை மடிந்தால் வேலையும் நிற்க வேண்டும்



போன எபிசோட்டில் சென்சர்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, "அப்பா வேலை செய்யிற யார்ட்டில ஒரு கூரை இருக்கு, காத்தடிச்சா தானே மடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விட்டேன். பிறகு உங்களில் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள்: "அது மடிஞ்சாப் பிறகு கீழ நிக்கிற ஆக்கள் என்ன செய்யிறது?"

சரியான கேள்வி. அதற்கு ஒரு பதில் கிடைக்க அப்பாவின் யார்ட்டில் இரண்டு குளிர்காலம் எடுத்தது. இந்த வாரக் கடிதம் அதைப் பற்றியதுதான்.

ஏத்தி இறக்கிற ஊர்

ஒக்லாண்ட்டில் வளர்ந்த ஆக்களுக்கு பென்ரோஸ் என்றால் மவுண்ட் ஸ்மார்ட் ஸ்டேடியம், கிரேட் சவுத் ரோட் ட்ரஃபிக், இரண்டும்தான் ஞாபகம் வரும். உள்வீதிகளில் போய்ப் பாருங்கள். கிடங்கு, யார்ட், கிடங்கு, யார்ட். பக்கத்தில் சவுத்டவுன் ரயில் சரக்கு முனையம். தௌரங்கா துறைமுகம் 1999இல் தொடங்கிய மெட்ரோபோர்ட் அங்கேதான் இருக்கிறது. கடலே இல்லாத இடத்தில் ஒரு துறைமுகம். தௌரங்காவில் கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகள் ரயிலில் வந்து இங்கே லொறிக்கு மாறும்.

பென்ரோஸுக்கு இது புதுத் தொழில் இல்லை. 1873 டிசம்பரிலேயே ஒனஹங்காவுக்குப் போகிற ரயில் பாதை இந்தப் பக்கத்தால் வந்துவிட்டது. மவுண்ட் ஸ்மார்ட் உண்மையில் ஒரு எரிமலைக் குன்று, மாவோரி மொழியில் ரரொடொங்கா. ரயில் பாதைக்கும் தெருவுக்கும் கல் வேண்டுமென்று அதைக் கிண்டி ஏற்றிக்கொண்டே போனார்கள். இப்போது ஸ்டேடியம் இருப்பது அந்தக் கல்லுடைத்த இடத்தில். ஒரு மலையையே ஏற்றி அனுப்பிய ஊர்!

அப்பா இங்கே ஒரு யார்ட்டில் பத்தொன்பது வருசமாக லோடிங் வேலை. கொம்பனியின் பெயர் வேண்டாம். எந்த யார்ட்டிலும் இதே கதைதான்.

ஏன் நனைகிறார்கள்?

சுப்பர்மார்க்கெட்டின் பின்பக்கம் பார்த்திருப்பீர்கள். லொறி பின்னால் வந்து சுவரோடு ஒட்டி நிற்கும். சுற்றி ஒரு மெத்தை போன்ற சட்டம் இறுக்கிப் பிடிக்கும். சாமான் நேரே கிடங்குக்குள் போகும், ஒருவரும் நனைவதில்லை.

ஆனால் நியூசிலாந்துத் தெருக்களில் நிறைய ஓடுவது 'கேர்ட்டன் சைடர்'. பெட்டியின் இரண்டு பக்கமும் சுவருக்குப் பதிலாக, திரை போல இழுத்துவிடுகிற தடித்த படங்கு. ஃபோர்க்லிஃப்ட் பக்கவாட்டில் வந்து பலெட்டைத் தூக்கும். வேகமான முறை. ஆனால் லொறி வெளியில், திறந்த யார்ட்டில்தான் நிற்க வேண்டும். திரையைத் திறந்தால் சாமானும் நனையும், ஆளும் நனையும்.

இங்கத்தைய மழை எங்களின் அம்மா அப்பாவுக்குப் பழக்கமில்லாத மாதிரி மழை. யாழ்ப்பாணத்தில் ஒரு வருசத்துக்குப் பெய்கிற மழையும் ஒக்லாண்ட்டில் பெய்கிறதும் மொத்தக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுதான், 1,200 மில்லிமீட்டர் அளவில். ஆனால் அங்கே பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே வருசம் முழுக்கப் பிரித்துப் பிரித்துப் பெய்யும், சராசரியாக மூன்று நாளுக்கு ஒரு நாள். "ஊரில மழைக்கு ஒரு காலம் இருந்தது. இங்க மழைக்கு லீவே இல்லை" என்பார் அப்பா.

2021 ஜூலையில் ஒரு விடிய, ஈரமான ட்ரெய்லர் தட்டில் நின்று கட்டுப்பட்டியை எறியும்போது அவருக்குக் கால் வழுக்கியது. தட்டின் உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். தோள்மூட்டுத் தசைநார் கிழிந்தது. இரண்டு நாள் எங்களுக்குச் சொல்லவே இல்லை. சோற்றை இடது கையால் அள்ளியதை அம்மா கண்டுதான் பிடித்தா. ஏசிசி சம்பளத்தின் 80 சதவீதத்தைக் கொடுத்தது, அதனால் வீடு ஓடியது. நான் அப்போது யூனியில் படித்துக்கொண்டிருந்தேன். 'மனிதனை மையமாக வைத்த வடிவமைப்பு' பற்றி ஒரு அசைன்மென்ட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்பவும் வெட்கமாக இருக்கிறது.

பெட்டிக்காக வந்த கூரை

2022 கடைசியில் யார்ட்டுக்குக் கூரை வந்தது. அப்பாவின் தோளுக்காக இல்லை. நனைந்த அட்டைப் பெட்டிகளுக்காக வாடிக்கையாளர்கள் நட்டம் கேட்கத் தொடங்கியதற்காக. அப்பா சொன்னதை அப்படியே தருகிறேன்: "பெட்டி நனைஞ்சா இன்வொய்ஸ் வரும். நான் நனைஞ்சா தடிமன்தான் வரும்."

கூரையின் வேலை இப்படி. இரண்டு பக்கமும் நிலத்தில் தண்டவாளம். அதில் உருளுகிற அலுமினிய வளைவுகள். வளைவுகளுக்கு மேலே பிவிசி பூசிய பொலியெஸ்டர் துணி. மோட்டர் இழுத்தால் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி மாதிரி விரியும், விட்டால் சுவரோடு மடிந்து ஒதுங்கும்.

நிரந்தரமாக ஒரு தகரக் கூரையைப் போட்டிருக்கலாமே? எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் அதே யார்ட்டில்தான் சைட்லோடர் லொறிகள் கிரேன் கையை உயர்த்திக் கொள்கலனைத் தூக்கி இறக்குகின்றன. அதற்கு மேலே வெறும் வானம் வேண்டும். காணியும் குத்தகை. மடிக்கிற கூரையென்றால் போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

இனி அளவுக்கு வருவம். இங்கே லொறியின் உச்ச உயரம் 4.3 மீட்டர், அகலம் 2.55 மீட்டர். ஃபோர்க்லிஃப்ட் பலெட்டோடு திரும்ப ஒவ்வொரு பக்கமும் நாலு மீட்டராவது வேண்டும். ஆகவே கூரை கிட்டத்தட்ட 11 மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரம். நீளம் 20 மீட்டர் என்று வைத்தால் 220 சதுர மீட்டர் துணி. அதில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 2,200 லீட்டர் தண்ணி. துணி தொய்ந்து ஒரு சதுர மீட்டர் இடத்தில் பத்து சென்டிமீட்டர் தண்ணி தேங்கினாலே 100 கிலோ. அதனால்தான் துணியை இறுக்கமாக, சரிவாக வைத்திருக்க வேண்டும்.

தண்ணியை விடப் பெரிய எதிரி காற்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணியைத் தள்ளுகிற விசை நாலு மடங்காகும். 220 சதுர மீட்டர் என்பது ஒரு பாய்மரக் கப்பலின் பாய் மாதிரி. ஆகவே மேலே காற்றுமானி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். வைத்த அளவைக் காற்றுத் தாண்டினால் சைரன் ஒலிக்கும், மோட்டர் தானாகவே கூரையை மடிக்கும். கூரையைக் காப்பாற்ற அது சரியான முடிவு.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெரிய மழைத்துளி செக்கனுக்கு ஏறக்குறைய ஏழு மீட்டர் வேகத்தில் விழும். காற்றும் அதே ஏழு மீட்டரில், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டரில் அடித்தால் மழை 45 பாகை சாய்ந்து வரும். கூரை ஐந்து மீட்டர் உயரமென்றால் சாரலும் ஐந்து மீட்டர் உள்ளே வரும். 11 மீட்டர் அகலத்தில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது! அதாவது, கூரை மடிவதற்கு முந்தியே ஓரத்தில் நிற்கிற ஆள் நனையத் தொடங்கிவிடுவார். கூரையின் உயரத்தை முடிவு செய்தது லொறி. ஓரத்தில் நிற்கிற ஆளை யாரும் அளக்கவில்லை.

2023 ஜனவரி 27 உங்களுக்கு மறக்காது. விமான நிலையத்தில் ஒரே நாளில் 240 மில்லிமீட்டருக்கு மேல் மழை, மவுண்ட் ஸ்மார்ட்டில் எல்டன் ஜோனின் நிகழ்ச்சி கடைசி நேரத்தில் ரத்து. அன்றைக்கு அப்பாவின் யார்ட்டில் கூரை விரிந்துதான் இருந்தது. தண்ணி கீழே இருந்து வந்தது.

தெருமூடி மடம்

நான் இந்தக் கூரையின் குறுக்குவெட்டை ஒரு தாளில் கீறி அப்பாவுக்குக் காட்டினேன். நடுவில் வண்டி, இரண்டு பக்கமும் ஆள் நிற்கிற இடம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கூரை. அவர் சிரித்தார். "இது எங்கட தெருமூடி மடம் எல்லோ!"

பருத்தித்துறைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தும்பளை வீதியில், தெருவையே மூடிக் கட்டிய கல் மடம். தெரு மடத்துக்கு நடுவால் போகும். இரண்டு பக்கமும் உயர்ந்த திண்ணை, கல் தூண்கள். வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கர் இருந்து ஆறிப் போக வேண்டுமென்று கட்டியது. வண்டி கீழால் போய்க்கொண்டே இருக்கலாம், கூரை ஆளுக்கு.

பிறகு அப்பா சுமைதாங்கியைப் பற்றிச் சொன்னார். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியது, அவ்வளவுதான். தலைச்சுமையோடு வருகிற ஆள் குனியாமல், ஒருவரையும் உதவிக்குக் கூப்பிடாமல் சுமையை இறக்கி வைக்கலாம், திரும்ப அப்படியே தலையில் ஏற்றலாம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நடுகிற வழக்கம் எங்கள் ஊர்களிலும் தமிழ்நாட்டிலும் இருந்தது. அதன் உயரத்தை முடிவு செய்தது சுமக்கிற ஆளின் உடம்பு.

"பிள்ளை, அதைச் செய்தவன் எஞ்சினியர் இல்லை. ஆனா சுமந்து பாத்தவன்" என்றார்.

ஒரு வசனம்

கூரை வந்த முதல் குளிர்காலம், 2023. சைரன் ஒலிக்கும், கூரை மடியும், லோடிங் தொடரும். லொறிக்கு நேரம் குறித்தாச்சு, ரெயின்கோட் குடுத்திருக்கு, பிறகென்ன? காற்று மிக மோசமாக அடிக்கிற நேரம் பார்த்துத்தான் ஆள் வெளியில். சாமானுக்குப் படங்கு போட்டார்கள்.

இங்கத்தைய சட்டத்தை நான் அப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன். 2010இல் பைக் ரிவர் சுரங்கத்தில் 29 பேர் இறந்த பிறகு வந்தது 2015ஆம் ஆண்டின் வேலைத்தலச் சுகாதார, பாதுகாப்புச் சட்டம். 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படை இதுதான்: ஆபத்தை இல்லாமல் செய்; முடியாவிட்டால் குறை. குறைப்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. பொறியியல் வழி முந்தி வரும், ஆள் உடுத்துகிற பாதுகாப்பு உடை கடைசியில்தான் வரும். கூரை பொறியியல் வழி. ரெயின்கோட் கடைசி வழி. கூரை மடிகிற அந்த நிமிசத்தில், ஒருவரும் முடிவெடுக்காமலே, வரிசையின் மேலிருந்து அடிக்கு விழுந்துவிடுகிறோம். கோட் எழுதுகிற ஆக்களுக்கு விளங்கும்: சிஸ்டம் விழுந்தால் என்ன நடக்க வேண்டுமென்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

பாரதூரமான ஆபத்து உடனே வரும் என்று நியாயமாக நம்பினால் தொழிலாளி வேலையை நிறுத்தலாம் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் ஈரத் தட்டில் நிற்கிற 61 வயது ஆள், சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்து, "இது பாரதூரம்" என்று ஒவ்வொரு தடவையும் தனியாகச் சொல்ல வேண்டுமா? அப்பா சொல்லமாட்டார். உங்கள் அப்பா சொல்லுவாரா?

அப்பா வேறு ஒன்று செய்தார். பாதுகாப்புப் பிரதிநிதித் தேர்தலுக்கு நின்றார். சமோவா, தொங்கா, பிலிப்பைன்ஸ் ஆக்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்குப் போட்டார்கள். பிறகு என்னிடம் ஒரு வேலை தந்தார். கூரையின் கன்ட்ரோலர் ஒவ்வொரு தடவை மடிந்ததையும் விரிந்ததையும் பதிந்து வைக்கும். அந்தப் பதிவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, "இதில எவ்வளவு நேரம் மூடி இருந்ததெண்டு பார்" என்றார். ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. எல்லாரும் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் காற்று அடங்கி, கூரை திரும்ப விரிந்திருந்தது. நிறுத்தினால் யார்ட் முடங்கிவிடும் என்ற கதைக்கு ஆதாரமே இல்லை.

2024 குளிர்காலத்தின் நடுவில் தூணில் ஒரு தாள் ஒட்டினார்கள். அதில் ஒரு வசனம்: கூரை மூடினால் லோடிங் நிற்கும். இப்போது சைரன் ஒலித்தால் எல்லாரும் உள்ளே போவார்கள். ஒருவரும் ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து லொறி நிற்கிற இடத்தில் இரண்டுக்குத்தான் கூரை. மற்ற மூன்றிலும் இன்னமும் ரெயின்கோட்தான். சாரலுக்குப் பக்கத்திரை கேட்டிருக்கிறார்கள், "பாப்பம்" என்ற பதிலோடு நிற்கிறது. அப்பாவின் வலது கை தோளுக்கு மேலே முழுதாக உயராது. கோயிலில் கும்பிடும்போது தெரியும்.

நாங்கள் இந்தப் பொட்காஸ்ட்டில் ஒவ்வொரு கிழமையும் புதுச் சாமான்களைப் பற்றிக் கதைக்கிறோம். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்பதோடு, அது வேலை செய்யாத நேரம் ஆள் எங்கே நிற்பார் என்றும் இனிக் கேட்கப் போகிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது யார்ட்டில், கிடங்கில், பேக்கரியில், கோல்ட் ஸ்டோரில் வேலை செய்கிறார்களா? இந்தச் சனி, ஞாயிறு தேத்தண்ணியோடு பக்கத்தில் இருந்து ஒரு கேள்வி கேளுங்கள்: "அங்க உங்களுக்கெண்டு வாங்கின சாமான் என்ன இருக்கு?" வருகிற பதிலை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த எபிசோட்டில் வாசிப்பம்.