குட்டியாக வாங்கும் மீன், ஆளுயரம் வளர்ந்தால்?

வண்ணமீன் கடையில் பாலிதீன் பையில் கட்டித் தரும்போது அது பென்சில் நீளம்தான். முதலை மாதிரி நீண்ட வாய். பார்த்ததும் ஆசை வந்துவிடும். அலிகேட்டர் கார் என்கிற அந்த மீனின் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. அங்கே ஆறடிக்கு மேல் வளரும். 50 ஆண்டுகளுக்கு மேல் வாழும். மூன்றடித் தொட்டியிலோ, கொஞ்ச காலத்திலேயே உடம்பை வளைத்தால்தான் திரும்ப முடியும். கண்ணாடியில் உரசி உரசி மூக்கு புண்ணாகிவிடும்.

வீட்டுக்குள் என்ன சிக்கல்?

இதுபோன்ற இரைகொல்லி மீனுக்கு, வாயில் அடங்குகிற எதுவும் இரைதான். கூட நீந்தும் மீனும் தப்பாது. தினமும் உயிருள்ள கோல்டு ஃபிஷ்ஷைப் போட்டால் நோயும் சேர்ந்து வரும். பி1 வைட்டமினை அழிக்கும் நொதியும் கோல்டு ஃபிஷ்ஷில் உண்டு. ஆரோவானா என்கிற மீன், ஆற்றோரக் கிளையில் இருக்கும் பூச்சியைத் துள்ளிப் பிடித்துப் பழகிய இனம். தொட்டியை மூடாமல் படுத்தால் காலையில் தரையில் கிடக்கும். பிரானா மீன் உள்ள தொட்டியில் வெறுங்கையை விடக் கூடாது. அலிகேட்டர் காரின் சினை மனிதருக்கு நஞ்சு.

ஏரியில் விட்டால்?

'கொல்லாமல் விட்டோம்' என்று மனசு ஆறலாம். அது புண்ணியம் அல்ல. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு, அமேசான் மீனான அரபைமாவும் அலிகேட்டர் காரும் அங்குள்ள ஆறுகளில் வலையில் சிக்கின. 2023-ல் காஷ்மீரின் தால் ஏரியிலும் ஓர் அலிகேட்டர் கார் பிடிபட்டது. நம் ஊர் நீர்நிலைகளில் பெருகிவிட்ட 'டேங்க் கிளீனர்' மீனும் தொட்டியிலிருந்து போனதுதான். அதன் முள் துடுப்பு மீனவர் வலையைக் கிழிக்கிறது.

சட்டம் சொல்வது

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தப்படி, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள இனங்கள் நான்காம் அட்டவணையில் வருகின்றன. ஆசிய ஆரோவானாவும் அரபைமாவும் அதில் உண்டு. இவற்றை வைத்திருப்பவர், 2024 விதிகளின்படி, பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள். முறையாக வளர்த்து விற்கப்படும் ஆசிய ஆரோவானாவின் உடம்பில் மைக்ரோசிப் இருக்கும், சான்றிதழும் கூட வரும். இரண்டும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

உங்கள் உரிமை

பில் கேளுங்கள், மீனின் இனப்பெயரை அதில் எழுதி வாங்குங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. வேறு இனத்தைச் சொல்லி விற்றாலோ, 'இதுக்கு மேல வளராது' என்று பொய் சொன்னாலோ 1915 எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு

வளர்ந்துவிட்டதா? வாங்கிய கடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். பெரிய தொட்டி வைத்திருக்கும் அனுபவசாலியிடம் ஒப்படைக்கலாம். அட்டவணை இனம் என்றால் கைமாற்றுவதையும் பதிய வேண்டும். வழி தெரியாவிட்டால் மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆறு, ஏரி, கோயில் குளம், கிணறு எதிலும் விடாதீர்கள்.

இனி வாங்கப் போகிறவர்கள், விலை கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "அண்ணே, இது முழுசா வளர்ந்தா எத்தனை அடி?" பதில் உங்கள் தொட்டியைவிட நீளமாக இருந்தால், பையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.