விழுமுன் கண்ட விண்கல்

வானிலிருந்து வரும் கல்லை, அது விழுமுன்னரே அறிய இயலுமா? இயலும் என்பது 2008இல் முதன்முதலாக மெய்ப்பிக்கப்பட்டது.

அவ்வாண்டு அக்டோபர் 6 அன்று, அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள லெமன் மலைத் தொலைநோக்கியில், விண்மீன்களிடையே நகரும் ஓர் ஒளிப்புள்ளி தென்பட்டது. ஏறத்தாழ 4 மீட்டர் அகலமுள்ள கல் அது! பல நாட்டு ஆய்வாளர்களும் விடாது நோக்கி அதன் பாதையைக் கணித்தனர். சுமார் 20 மணி நேரத்தில், கணித்தவாறே, சூடானின் நூபியப் பாலைக்கு மேலே அது வெடித்துச் சிதறியது.

டிசம்பரில் கார்த்தூம் பல்கலைக்கழக மாணவர்கள் வரிசையாக மணலில் நடந்து தேடி, அதன் கரிய துண்டுகளைக் கண்டெடுத்தனர். விண்ணில் ஒளியாகக் கண்ட கல்லை மண்ணில் கையால் தொட்டது அதுவே முதன்முறை.

எண்ணிப் பாருங்கள்! பெருங்கல்லொன்றைத் திசைதிருப்ப 20 மணி நேரம் போதாது, ஆண்டுகள் வேண்டும். அதனாலன்றோ இரவுதோறும் வானத்தைத் துருவுகின்றனர்!